விரத நாளிலும் குளிசை போட்ட எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கப்பல்களின் சத்தம் படுக்கை வரை கேட்கும் ஒரு சிறிய ஒழுங்கைத் தெருவில் பிறந்தார். வீட்டில் மூத்தவர் அவர், கடைசி நான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் இழுத்து, காலமானார். அவருக்குப் பிரஷர் இருந்தது என்பதை அதன் பிறகுதான் அறிந்தோம்.

அண்ணா படிப்பை விட்டுவிட்டு ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தார். என் படிப்பும் திருமணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. அதைப் பற்றி யாராவது புகழ்ந்தால், "படிச்சது அவள். எனக்கென்ன கஷ்டம்?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அப்பா காலமான ஆண்டு அவர் கந்தசஷ்டி விரதம் பிடிக்கத் தொடங்கினார். ஆறு நாளும் பகலில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். இரவில் ஒரு தம்ளர் பால் மட்டும். கந்தோருக்கு லீவும் போட மாட்டார். நடுவயதில் அவருக்கும் பிரஷர் என்று கண்டுபிடித்து, கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். மற்ற நாட்களில் தவறாமல் போடுவார். சஷ்டி வந்தால் நிறுத்திவிடுவார்.

"குளிசையும் வயித்துக்குள்ள போறதுதானே. அப்ப அது என்ன விரதம்?" என்பார்.

அண்ணி கெஞ்சுவார். "தலை இடிக்குதோ? இல்லை. மயக்கம் வருதோ? இல்லை. ஆறு நாளில ஒண்டும் நடக்காது" என்று அண்ணா சிரிப்பார். சில ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல்தான் போயின. அதுவே எங்களை ஏமாற்றியது.

ஒரு வருஷம், சஷ்டியின் கடைசி நாளான சூரன்போர் அன்று, கோயில் வீதியில் அவருடைய பேச்சுக் குழறியது. விரதக் களை என்று நினைத்துச் சனங்கள் சீனி போட்ட தேத்தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணி மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. "ஒண்டும் குடிக்கக் குடுக்காதேங்கோ. ஓட்டோவை மறியுங்கோ" என்று சத்தம் போட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதுவும் பாரிசவாதம்தான், நேரத்தோடு கொண்டுவந்தபடியால் தப்பினார் என்றார்கள். வலது கை பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. பேச்சு மட்டும் கடைசிவரை கொஞ்சம் மெதுவாகவே வந்தது.

அதன் பின் முதல் கிளினிக்குக்கு நானும் போனேன். "குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், டொக்டர்."

"பொய். சஷ்டிக்குப் போடுறேல்லை" என்றார் பின்னால் நின்ற அண்ணி.

அண்ணா சுவரைப் பார்த்தார். டொக்டர் ஏசவில்லை. "பிரஷர் நோகாது, ஐயா. நோகாமலே உள்ளுக்கு வேலை செய்யும். சுகமா இருக்கிறன் எண்டு நீங்களா நிப்பாட்டக் கூடாது. இந்த வருஷம் விரதம் வேண்டாம். அடுத்த வருஷம் பிடிக்க விருப்பமெண்டா, முதலே வந்து என்னோட கதையுங்கோ" என்றார்.

அந்த ஆண்டு சஷ்டி நெருங்க நெருங்க அண்ணா கலண்டரையே புரட்டிக்கொண்டிருந்தார். விரதத்தைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. பிடித்தால் இரண்டாம் முறை தப்புவாரா என்பதும் தெரியாது. நான் வெள்ளவத்தையிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுப்பேன். ஒருநாள் அவர் கோயிலுக்குப் போய்க் குருக்களிடமே கேட்டுவிட்டார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"குருக்கள் என்ன சொன்னவர்?" என்று அண்ணி கேட்டார்.

"மருந்து சாப்பாட்டில சேராதாம். அதோட, அவருக்கும் பிரஷராம். குளிசை போட்டிட்டுத்தான் பூசைக்கே வாறவராம்."

டொக்டர் சொன்னபடி அந்த ஆண்டு விரதம் இல்லாமல் கோயிலுக்கு மட்டும் போனார். அடுத்த ஆண்டு சஷ்டிக்கு முன்பே டொக்டரைச் சந்தித்தார். டொக்டர் பரிசோதித்துப் பார்த்து, குளிசை போடும் நேரங்களை மாற்றிக் கொடுத்தார். பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும், இரவில் சாப்பிட வேண்டும், தலை சுற்றினால் விரதத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லித்தான் சம்மதித்தார். அண்ணா அப்படியே செய்தார். அதன் பிறகு எத்தனையோ சஷ்டிகள் வந்துபோயின. கோயில் வீதியில் பழகிய முகங்களைக் கண்டால், "விரதமோ? குளிசை போட்டாச்சோ?" என்று கேட்பார். சிலர் அவரைக் கண்டு ஒளிந்துகொண்டதும் உண்டு.

ஒருமுறை கனடாவிலிருந்து வந்த மச்சான், "இது அங்கத்தைய சாமான், திறமா வேலை செய்யும்" என்று ஒரு போத்தல் பிரஷர் குளிசை கொடுத்தார். அண்ணா அதைத் திறக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் ஏற்கெனவே போடும் அதே மருந்து, வேறு பெயரில். இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் பிரஷர் இறங்கி விழுந்திருப்பார் என்றார்கள்.

இப்படிக் கவனமாக இருந்துதான் ஓய்வு பெற்றார். என் மகளின் அரங்கேற்றத்தில் முன்வரிசையில் இருந்தார். எனக்கும் பிரஷர் என்று தெரிந்த அன்று, படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. பஸ் ஏறி வந்த அண்ணா, பக்கத்தில் இருந்து, "அப்பாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உனக்குச் சொல்லியாச்சு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அது பெரிய வித்தியாசம்" என்றார்.

சென்ற ஆண்டு நிமோனியாக் காய்ச்சல் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அங்கும், "மிஸ், என்ர பிரஷர் குளிசை தரேல்லை" என்று விடாமல் கேட்டார்.

"இப்ப உங்கட பிரஷர் குறைவு, ஐயா. டொக்டர்தான் நிப்பாட்டச் சொன்னவர்" என்றார் தமிழ் தெரிந்த அந்த நர்ஸ்.

அண்ணா அண்ணியைப் பார்த்து, "கேட்டனீரோ? இந்தமுறை நான் நிப்பாட்டேல்லை" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அதன் பின் அவர் அதிகம் கதைக்கவில்லை. காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது. இன்னும் சில நாட்களில் என்னை அறியாமல் அவருடைய நம்பரைப் போனில் எடுத்துவிடுகிறேன். ஆனாலும், அந்தச் சூரன்போர் நாளோடு முடிந்திருக்க வேண்டிய ஓர் அண்ணா இத்தனை ஆண்டுகள் எங்களோடு இருந்தார் என்று எண்ணி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அவரைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அந்தச் சூரன்போர் அன்று வாடகை வாங்க மறுத்த, நாங்கள் 'மல்லி' என்று கூப்பிடும் சிங்கள ஓட்டோக்காரத் தம்பிக்கும், துயரில் கூட நின்ற ஒழுங்கைச் சனங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படையல் முடியும்வரை சாப்பிடாமல் இருப்பது எங்கள் வழக்கம். இன்று பந்தி தொடங்க நேரமாகும். சாப்பாட்டோடு குளிசை எடுப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். அண்ணி குருக்களிடம் கேட்டுவிட்டுப் பின் அறையில் இடியப்பமும் சொதியும் தண்ணீரும் வைத்திருக்கிறார். கூச்சப்படாமல் வாருங்கள். முதல் தட்டோடு நான் அங்கே இருப்பேன்.