கிணற்றுக்குப் போகாத கிருமி

பாலக்காட்டில் கல்லூரி படித்தபோது நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்தோம். பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, உலகத்துக்கு உபயோகமான ஒரு வேலையை அதைச் செய்யவைக்க வேண்டும். என்ன வேலை என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நான்தான் பெரிய மேதாவி மாதிரி பெருமாட்டி ஊரில் இருக்கும் என் சின்னம்மாவின் கிணற்றை இழுத்துவிட்டேன். சுற்றிலும் வயல். அடிக்கிற பூச்சிமருந்தெல்லாம் மழையோடு இறங்கி அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது. சோதித்தோம், இருந்தது. அந்த மருந்தைத் தின்கிற கிருமியைச் செய்வதென்று முடிவானது.

பாதிக்கப்பட்டவர்களிடம் பேசினால் தனி மதிப்பெண் உண்டு. கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோம். சின்னம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வருகிறது, மாட்டுக்கும் மனுஷருக்கும் இந்தக் கிணறுதான் கதி என்று சொன்னாள்.

கிருமி வேலை செய்தது. அவள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய குடுவையில் மருந்து குறையக் குறைய நாங்கள் ஆடாத ஆட்டமில்லை. பதக்கமும் கிடைத்தது. சின்னம்மாவின் வீடியோவை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள். பிறகு, வளர்த்த கிருமியையெல்லாம் ஆட்டோகிளேவில் வைத்து, கொதிக்கும் ஆவியில் கொன்றோம். மரபணு மாற்றிய எதுவும் ஆய்வகத்தைத் தாண்டக் கூடாது. இது வெறும் ஆராய்ச்சிதான் என்று சின்னம்மாவிடமும் முதலிலேயே சொல்லியிருந்தோம். கிணறு சரியாகிவிடும் என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது.

பதக்கத்தைக் காட்டப் போனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எப்பக் கண்ணு நம்ம கெணத்துல உடப் போறீங்க?"

வெளியே விட்டால் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, சட்டமும் விடாது என்றெல்லாம் விளக்கினேன்.

"ஒரு சொட்டுக்கூட ஆகாதா?"

"ஆகாது சின்னம்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது? சட்டம் சரிதான். நடுவர்களும் சரிதான். மருந்தடிக்கிறவர்களுக்கும் விளைச்சல் வேண்டும். பதக்கத்தை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

அவள் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை வாங்கினேன், ஆனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்தக் கிணற்றில் எவ்வளவு மருந்து என்று அளந்தவளே நான்தானே. சின்னம்மா கவனித்துவிட்டாள்.

"குடி கண்ணு. நீ வருவேன்னு கடைத்தண்ணி வாங்கி வெச்சிருந்தேன். அதுலதான் போட்டேன்."

சொல்லிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தாள்.