தோல் உரிந்த கைக்கு ஆம்லெட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தம்பியைக் கூப்பிடுவார். "கையைக் காட்டுடா." விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தால் அன்றைக்கு அவன் தட்டில் ஆம்லெட். முட்டி சுத்தமாக இருந்து, உடம்பில் வேறெங்காவது காயம் இருந்தால் பெல்ட். அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

"பொழைக்க வந்த ஊர்ல பணிஞ்சு போனா தலையில ஏறி மிதிச்சிடுவாங்க" என்பார். அம்மா ஆமாம் போட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். எனக்கு முட்டை கிடையாது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்காம்.

தம்பி எட்டாம் வகுப்பு. அவனுக்கு யாரையும் அடிக்க வராது. பள்ளியில் தமிழன் என்று சீண்டுவார்கள், வாங்கிக்கொண்டு வருவான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். வீடு திரும்பும்போது காம்பவுண்டுச் சுவரில் முட்டியைத் தேய்த்துக்கொள்வான். நான் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. கிடைத்த ஆம்லெட்டை விழுங்க முடியாமல் பாதியை எனக்கு ஒளித்துக் கொடுப்பான்.

ஒருநாள் அப்பா, "யாரைடா அடிச்சே?" என்று கேட்டுவிட்டார். தம்பி திணறி, வாயில் வந்த பெயரைச் சொன்னான். பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன், அவனுடைய ஒரே கூட்டாளி. எங்கள் கெட்ட நேரம், அந்தப் பையன் அப்போதே பந்தோடு வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அப்பா பெல்ட்டை உருவினார். "இப்ப அடி. நான் பாக்கறேன்."

"பேட கணோ" என்றான் அந்தப் பையன், வேண்டாம்டா என்று. விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முதல் அடி தயங்கி விழுந்தது. "த்தூ" என்றார் அப்பா. அதற்குப் பிறகு தம்பி தயங்கவில்லை. பையன் காதைப் பொத்திக்கொண்டு விழுந்தும் நிறுத்தவில்லை, அப்பாவே பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இழுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

அதன் பிறகு பையனுக்கு அந்தக் காது கேட்கவே இல்லை. "பசங்க சண்டைதானே" என்று அவன் வீட்டில் பேசி முடித்துவிட்டார் அப்பா.

அடித்த அன்றே ஆம்லெட் வந்தது. தம்பி முழுசாகத் தின்றான். பழக்கத்தில் நான் அவன் தட்டைப் பார்த்தேன்.

"என்னடி பாக்கறே?" என்று என்மீது கையை ஓங்கினான்.

"சாப்பிடற பிள்ளைகிட்ட ஏன்டி வம்பு?" என்று என்னைத்தான் திட்டினாள் அம்மா. திட்டிக்கொண்டே அவனுக்கு இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.