காப்புக் கட்டிய கையில் மாத்திரை

என் மகள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மெஷின் பொருத்துகிறவள். ஆப்பிரிக்காவுக்கு ஒரு மெஷின் போனது. அதைப் பொருத்த நாலு ஆம்பளைகளோடு அவளும் போனாள். எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படிப்பு. நான் பெற்ற பெண்ணோ அப்படி.

அங்கே மலேரியா ஜாஸ்தியாம். கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரையை ஆரம்பித்துவிட்டாள். பெட்டியில் கொசுவலையும் முழுக்கைச் சட்டைகளும்.

"ஒரு நல்ல புடவ இல்லியேடி?"

"கொசுக்குக் கட்டிக் காட்டவா போறேன்?"

ரெண்டு மாசம் இருந்துவிட்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தாள். அப்போது ஆடி. அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினால் எங்கள் தெருவில் மருந்து தொடமாட்டோம். ஆத்தா பார்த்துக்கொள்வாள். இவளோ காப்புக் கையாலேயே மாத்திரையைப் பிரிக்கிறாள்.

"வந்துட்டியேடி, இன்னும் இன்னாத்துக்கு? அந்தக் கொசு உன்கூட ஏறிக்கினு வந்துச்சா?"

"கொசு வர்லமா. அது கடிச்ச விஷம் உடம்புல படுத்துக்கினு இருக்கும். வந்தப்புறமும் நாலு வாரம் போடணும். போன வருசம் அங்க போன ஆரம்பாக்கத்து அண்ணன் வந்த உடனே நிறுத்திட்டாரு. பத்தாம் நாளு குளிர் ஜுரம், பொழைச்சதே பெருசு."

நான் கேட்டால்தானே? மறுநாள் விடியலில் மாத்திரை அட்டையை எடுத்துப் பருப்பு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

வீடெல்லாம் தேடினாள். என் முகத்தைப் பார்த்தாள். நேரே கோயிலுக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். கூழ் வாங்க நின்ற கூட்டத்தின் நடுவிலேயே பூசாரியைக் கேட்டாள். "காப்புக் கட்னவ மாத்திர போட்டா குத்தமா, ஐயா?"

அவர் சிரித்துவிட்டார். "நானே சுகர் மாத்திர போட்டுக்கினுதான் கரகம் தூக்கறேன். ஆத்தா இன்னாத்த கண்டுக்கறா? நீ போடும்மா."

தெருவே சிரித்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம். இத்தனை பேர் முன்னால் தன் உயிருக்காக வாய்திறந்து கேட்டாளே என்ற பெருமை இன்னொரு பக்கம். ஓடிப்போய் டப்பாவைக் கவிழ்த்து அட்டையை எடுத்து வந்தேன். கூழைக் குடித்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கினாள்.

அன்றிலிருந்து மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த நாளுக்குக் காலண்டரில் ஒரு குங்குமப் பொட்டு. கடைசிப் பொட்டு வைத்த அன்று அவள் அதைப் பார்த்துச் சொன்னாள்: "யம்மா, அடுத்த வாட்டி போறப்ப உன்னியும் இட்டுக்கினு போறேன்."

"எனக்கும் சேத்து மாத்திர வாங்குடி" என்றேன்.