கேட்டவர் ஒருவர்

கறார் அக்கா என்று சொன்னால்தான் நகராட்சி அலுவலகத்தில் ஆளைத் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பத்தொன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். தட்டச்சு செய்ய வந்தவர் தலையில் இணையதளத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். "நீங்கதான் கம்ப்யூட்டர் தட்டுறீங்களே!" அவ்வளவுதான் தகுதித் தேர்வு.

தளத்துக்கு வருகிறவர்களின் விவரங்களை என்ன செய்கிறோம் என்று ஒரு பக்கம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மற்றவர்கள் என்றால் எங்கிருந்தாவது வெட்டி ஒட்டியிருப்பார்கள். அக்கா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார்.

'உங்கள் போனில் குக்கீ என்கிற சின்னக் குறிப்பு ஒன்றே ஒன்று வைப்போம். நீங்கள் கேட்ட எழுத்தளவை நினைவில் வைக்க மட்டும். பக்கத்தை மூடினால் அதுவும் போய்விடும். நீங்கள் வேறு எங்கே போகிறீர்கள் என்று பின்னாலேயே வரமாட்டோம். புகார் தருபவர் பெயரை யாருக்கும் தரமாட்டோம். ஆய்வு அறிக்கை வந்த அன்றே அழித்துவிடுவோம்.'

நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டார். படித்தாரா? அவர் எதைத்தான் படித்தார்! பேனா மூடியைத் திறந்தால் அடுக்கின் அடிக்காகிதம் வரை போட்டுக்கொண்டே போகிற மனுஷன்.

அக்காவுக்கு இதில் இத்தனை பிடிவாதம் ஏன் என்றால், காரணம் இருக்கிறது. சின்ன வயதில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவில்லை என்று அவருடைய அம்மா நகராட்சிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அம்மா வீடு வந்து சேர்வதற்குள் மனு தலைமையாசிரியர் கைக்குப் போய்விட்டது. மகள் ஒரு மாதம் வகுப்புக்கு வெளியே நின்றாள். கதவு மட்டும் வரவே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் சந்தைத் தெருவில் புது நடைபாதை போட்டார்கள். ஒப்பந்தக்காரர் தலைவரின் மச்சான். மூன்றே வாரத்தில் கல் ஆட ஆரம்பித்தது. யாரோ படம் பிடித்துத் தளத்தில் புகார் போட்டார்கள். ஆய்வாளர் வந்து குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

அந்த 'யாரோ' யார் என்று அக்காவுக்குத் தெரியும். அதே மச்சானிடம் தினக்கூலிக்குத் தெருக் கூட்டுகிறவள். இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். பெயர் வெளியே வந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.

அறிக்கை வந்த காலையிலேயே தலைவர் அக்காவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்தப் பேரைக் கொஞ்சம் சொல்லும்மா."

"தரமாட்டோம்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே தலைவரே."

"நானா? எப்போ?"

அக்கா திரையைத் திருப்பி வைத்தார். தலைவர் உதடு அசைய, முதல் முறையாகப் படித்தார். கடைசியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இதெல்லாம் ஊருக்குச் சொல்றதும்மா. நமக்குள்ள என்ன?"

"ஊருக்குச் சொன்னதுதான் நமக்கும். அறிக்கை வந்தாச்சு, இன்னிக்கே அழிக்கணும்."

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். பெயர் போயே போய்விட்டது. பயம் இருந்தது, ஆனாலும் அழுத்தினார்.

"உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் என் மேஜைக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் விறுவிறுவென்று போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பேரைச் சொல்லலையே?"

"சொல்லல."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

மறுநாள் அக்கா சீக்கிரமே போய், தான் எழுதிய பக்கத்தின் அடியில் இரண்டு வரி சேர்த்தார். 'இந்த மாதம் புகார்தாரர் பெயரைக் கேட்டவர்: ஒருவர். கொடுத்தது: எதுவுமில்லை.'

மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்க அதைப் படித்துவிட்டது. இத்தனை வருடம் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்! தலைவர் மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா இது, ஊரே சிரிக்குது! முதல்ல அதை எடு!"

"பொய்யா இருந்தா சொல்லுங்க தலைவரே, இப்பவே எடுத்திடறேன்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் எல்லோரும் கோப்பில் தலையைப் புதைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டது யாருன்னு... யாராவது கேட்டா?"

"கவலையே படாதீங்க. அந்தப் பேரையும் யாருக்கும் தரமாட்டோம்" என்றார் அக்கா, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.