ஐந்து வீட்டுத் துவரை மூட்டை

ரங்கம்மாள் இறந்த பதினேழாம் நாள் துவரை மூட்டை வந்து இறங்கியது. உடுமலைப்பேட்டை வியாபாரி ரசாக்கிடம் மார்கழியிலேயே அவள் சொல்லி வைத்திருந்தாள். அவருக்குச் சாவுச் செய்தி தெரியாது. அம்மா எங்கே என்று கேட்டார். மகன் சுந்தரராஜுலு சொன்னான். ரசாக் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகட்டுமா என்றார். வேண்டாம் என்றான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த லைன் வீடுகள் ஐந்து. முன்பு ஒவ்வொரு வீடும் முக்குக் கடையில் ஆழாக்கு ஆழாக்காகப் பருப்பு வாங்கியது. கடைக்காரர் வைத்ததுதான் விலை. 1951இல், புருஷன் போய், மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, ரங்கம்மாள்தான் நாலு வீட்டுப் பெண்களையும் கூட்டினாள். அறுப்பு முடிந்த கையோடு வருஷத்துக்கும் மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டால் விலையில் கால்வாசி மிச்சம் என்றாள். அன்று முதல் தை தவறாமல் மூட்டை வந்தது. வாசலில் உட்கார்ந்து அவளே படியால் அளந்து கொடுப்பாள். செம்மண் கட்டிக் காயவைத்து மொடாவில் கொட்டினால் அடுத்த தை வரை வண்டு அண்டாது.

அவளுக்கு ஒரு கோளாறு இருந்தது. கார்த்திகை பிறந்தால் பருப்பு ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்புகிறது என்று ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுவாள். தை பிறந்ததும் சரியாகிவிடும். சுந்தரராஜுலு வருஷா வருஷம் ஓமத் திரவம் வாங்கி வந்தான்.

பட்டறையில் சாமான்களின் அளவு பார்ப்பது அவன் வேலை. மயிரிழை பிசகினாலும் தள்ளிவிடுவான். படியை நம்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தராசை இரவல் வாங்கி வந்து, நூறு கிலோவையும் இருபது இருபதாக நிறுத்துக் கொடுத்தான். கிலோக் கணக்கு அப்போது புதிது. பெண்கள் முள்ளைப் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற மொடா நெறயலீங்க. மூணு ஆழாக்குக் கொறையுது. மத்த மூணு ஊட்லயும் அதேதானுங்க."

"எடை சரிங்கக்கா. நீங்களே பாத்தீங்க."

"பாத்தனுங்க. முள்ளு நடுவுலதான் நின்னுச்சு."

அடுத்த வருஷம் அவரவர் தனியாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று மற்ற வீடுகளில் பேச்சு நடப்பதாகச் சொன்னாள். முக்குக் கடைக்காரன் காதில் விழுந்தால் ஊருக்கே மிட்டாய் கொடுப்பான் என்றாள். அவள் சிரிக்கவில்லை. அம்மா சேர்த்து வைத்தது அவன் கையில் முதல் வருஷமே பிரிகிறது. இதில் எங்கே பிசகு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அப்போது உள்ளேயிருந்து மனைவி கனகம் கூப்பிட்டாள். காய்ந்த துவரையைத் தங்கள் வீட்டு மொடாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். மொடா வாய்வரை நிறைந்துவிட்டது. முறத்தில் இன்னும் மீதி இருந்தது. ஆழாக்கை எடுத்து அதை அளந்தான். பன்னிரண்டு.

நான்கு வீடு. வீட்டுக்கு மூன்று.

படியைக் குழந்தையம்மாளிடம் கொடுத்து, அம்மா எப்படி அளப்பாள் என்று கேட்டான். அவள் படி நிறைய அள்ளி, அதன் மேலும் இரண்டு கையால் வாரிக் கோபுரமாகக் குவித்தாள்.

"எங்களுக்கெல்லாம் இப்படிங்க."

"எங்க ஊட்டுக்குங்க?"

உள்ளங்கையால் குவியலை வழித்துத் தள்ளினாள். படி தலைமட்டமாக நின்றது.

"நாங்க சொல்லாம இல்லீங்க கண்ணு. 'எம்பையன் சம்பாதிக்கப் போறான், எனக்கென்ன கொறச்சல்'னு வாயை அடச்சுப்போட்டாங்க."

பன்னிரண்டு வருஷம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்றால் வருஷத்துக்கு ஒன்றரைப் படி. பதினெட்டுப் படி. கணக்கு தானாக வந்தது.

முறத்தை எடுத்துக்கொண்டு நான்கு வீட்டுக்கும் போனான். வீட்டுக்கு மூன்று ஆழாக்கு அளந்து கொடுத்தான். நிறுத்ததில் பிசகு, அடுத்த தையில் படியாலேயே அளக்கிறேன் என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைசி வீட்டு ராசம்மாள் மட்டும், அப்படியென்றால் முன்பணத்தை ஐப்பசியிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

திரும்பி வந்தபோது கனகம் மொடாவின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். நமக்குத் தை வரைக்கும் போதுமா என்று கேட்டாள்.

"கார்த்திகை வரைக்கும் வரும்" என்றான்.