கறுப்புப் பைக்குள் அப்பாவின் கைகள்

மகளுக்கு வாங்கிய மழைக்கோட்டைப் பிரித்ததும் எழுந்த ரப்பர் வாசனை, செங்கம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த, இன்று வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் கடையாகிவிட்ட வாடகை வீட்டின் முன்னறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. அங்கேதான் அப்பா, ரப்பர் பூசிய, வெளிச்சம் புகாத கறுப்புப் பையில் சட்டைக்கை போலிருந்த இரண்டு குழாய்களுக்குள் கைகளை முழங்கைவரை நுழைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் எடுத்த ஃபிலிமைக் கண்ணால் பார்க்காமலே சுருளில் சுற்றி, கழுவுகிற டப்பாவுக்குள் போடுவார். பார்வை சுவரில் நிலைத்திருக்க, பைக்குள் விரல்கள் மட்டும் எலிகளைப் போல ஊர்ந்துகொண்டிருக்கும். முகத்தில் வழியும் வியர்வையை அம்மா முந்தானையால் ஒற்றியெடுப்பாள். கடைசியில் டப்பா மூடி 'டக்'கென்று விழும். அதன்பிறகு கையை எடுத்தால் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அவர் மடியில் ஏறுவேன்.

அம்மா வீட்டைவிட்டுப் போன அன்றும் அவர் கைகள் பைக்குள்தான் இருந்தன. வியர்வை துடைக்கப்படாமல் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியோடு எதிரே நின்ற அம்மா, "கைய வெளிய எடுங்க. எடுத்துட்டு, இருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போகல" என்றாள்.

"வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்மா. ஊரான் வீட்டுக் கல்யாணம்" என்றார் அப்பா.

அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வாசலுக்கு இறங்கினாள். அப்போது டப்பா மூடி விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா கையை எடுக்கவில்லை. வாசலில் அம்மா குனிந்து, செருப்பு வாரை இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.