தங்கச்சியின் காதும் இருதய கிளினிக்கும்

தங்கச்சியின் காதில் ஓர் இலையான் வந்து உட்கார்ந்தது. விரட்டினேன், பறந்துபோய்த் திரும்ப வந்தது. மாங்கேணிச் சந்தியில் காலை 5.40 பஸ்ஸுக்கு நின்றபோதுதான் உற்றுப் பார்த்தேன். தோட்டைச் சுற்றிச் சீழ்.

தங்கச்சி சங்கவிக்கு ஆறு வயது. பிறவியிலேயே இருதயத்தில் நாலு குறை: கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, சுவாசப்பைக்குப் போகும் வழி ஒடுக்கம், வலப்பக்கத் தசை தடிப்பு, பெருநாடி ஓட்டைக்கு மேலே. ஓட்டையை ஒட்டுத்துண்டால் அடைத்து, ஒடுங்கிய வழியை அகலமாக்கும் ஒப்பரேசன் திங்கட்கிழமை கொழும்பில். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த திகதி. அதற்குமுன் மட்டக்களப்பில் கடைசிப் பரிசோதனை. அதற்குத்தான் இந்த வியாழக்கிழமைப் பயணம்.

வெறுங்காதோடு பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கக் கூடாதென்று அம்மா நேர்ந்து, போன கிழமை சித்தாண்டி முருகன் கோயிலில் காது குத்துவித்தார்.

தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். ஒருவருக்கு 190 ரூபாய். இடது பக்கம் இருக்காதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். பஸ் நின்ற இடமெல்லாம் மணி பார்த்தேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் சங்கவியின் உதடு நீலமானது. சீட்டை விட்டிறங்கி, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக் குந்தினாள். அப்படிக் குந்தினால் சுவாசப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போகும்.

"வழியில குந்தினா ஆக்கள் எப்பிடிப் போற, மகள்?" என்றார் கொண்டக்டர்.

"பொறுங்க மாமா, மூச்சு வரட்டும்."

"அப்ப சீட்டுக் காசத் திருப்பித் தரவா?"

"ஓம், தாங்க," என்று கையை நீட்டினாள். பஸ்ஸே சிரித்தது.

நான் அம்மாவுக்குக் காதைக் காட்டினேன்.

"தெரியும். வாயத் திறந்திராத. இந்தத் திகதி போனா இன்னொண்டு எப்ப வரும்?" அம்மா சங்கவியின் முடியை அவிழ்த்துக் காதுக்கு மேலால் விட்டார்.

பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: போன முறை டொக்டர் சொன்னதுதான். புண்ணிலோ சொத்தைப் பல்லிலோ இருக்கும் கிருமி இரத்தத்தோடு போய், இருதயத்தில் வைக்கும் ஒட்டுத்துண்டில் பிடித்துக்கொள்ளலாம். பல்லை முன்கூட்டியே காட்டுங்கள். காது குத்துவதென்றால் டொக்டரிடம் கேட்காமல் குத்த வேண்டாம்.

7.50க்கு மட்டக்களப்பு. 9.15க்கு கிளினிக்கில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"காய்ச்சல், இருமல், புண் ஏதும் இரிக்கா?" என்று தாதி கேட்டார்.

"ஒண்டுமில்ல மிஸ்," என்றார் அம்மா.

தாதி எழுதக் குனிந்தார். எனக்கு வெளியாட்களிடம் குரல் வராது. எழும்பிப் போய், சங்கவியின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டேன்.